ஜன்னலுக்கு நேராக ரோஜா

ஜூலை 8, 2025

ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் வீடு வந்து சேர்ந்தோம். இனிமேல் மருந்து ஏற்றுவதெல்லாம் வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். தீபாவளியைத் தாண்டினால் பெரிய விஷயம் என்றார். வரலட்சுமியிடம் யாரும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தவள், மலையேறி ரிங்லெட் தாண்டித் தேயிலை தெரிந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் லோரிக்குப் பூ ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினேன். வேறு என்ன செய்ய?

ஜூலை 11

கட்டிலை முன் அறை ஜன்னல் ஓரம் இழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். அப்புறம் கேட்டாள்: “ஏங்க, வாசல்ல எனக்கு ஒரு தோட்டம் போட்டுக் குடுங்களேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஏழு கொட்டகை நிறையச் செவ்வந்தி. இன்னும் என்ன தோட்டம்?

“அது வியாபாரம்லா. பூக்கறதுக்கு முன்னாடியே வெட்டிடுவீங்க. நான் கேக்குறது துரை பங்களாவுல இருந்த மாதிரி.”

அவள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். துரை பங்களா வேலிக்கு வெளியே நின்று பார்த்த தோட்டத்தைக் கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். வளைந்து போகும் கல் பாதை, வாசலில் ஏறும் ரோஜா, வரிசையே இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து பூத்துக் கிடக்கும் செடிகள். வீடு கட்டியபோதே கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். வருஷங்கள் போய்க்கொண்டே இருந்தன, நான் கொட்டகையிலேயே இருந்தேன்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 15

வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் சிமெண்டைப் பெயர்த்தாயிற்று. என் மேஸ்திரி ரூபனைக் கூப்பிட்டேன். அவள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டி, “நீங்களே செய்யுங்க” என்றாள். இடுப்பு ஒடிந்துவிட்டது. பாத்தியைக் கயிறு கட்டி நேராகப் போட்டிருக்கிறேன். கை அப்படித்தான் போகிறது.

மறுபடியும் தட்டினாள். “என்னங்க இது, பார்ம் மாதிரியே இருக்கு. கோணலா போடுங்க.”

கோணலாகப் போடுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 27

கியா பார்ம் நர்சரியில் சிவப்புக் கொடி ரோஜா வாங்கி கேட்டோரம் நட்டேன். லாவெண்டர், டாலியா, ஜெரேனியம் எல்லாம் அவள் சொன்ன இடத்தில். நடுவில் பெரிய வட்டமாக விட்டிருக்கிறேன். அதில் செம்மஞ்சள் செவ்வந்தி வரும். கடையில் ஓடாத நிறம் என்று நான் விட்டுவிட்ட ரகம், அவளுக்குப் பிடித்தது. திரிங்காப்பில் பூப் போடும் என் கூட்டாளி கந்தன் இன்னும் வைத்திருக்கிறான். நாற்றுக் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3

நாற்று நட்டாயிற்று. “தீபாவளிக்குப் பூத்துடும், பாரு” என்று அவளிடம் சொன்னேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு வேலையே தேதிக்குப் பூக்க வைப்பதுதான். செவ்வந்திக்கு இருட்டு நீளமாக இருந்தால்தான் மொட்டு வரும். அதனால் ராத்திரி கொட்டகையில் பல்பைப் போட்டு, இன்னும் பகல்தான் என்று செடியை ஏமாற்றி உயரமாக வளர்ப்போம். பூ வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, பல்பை அணைப்போம். சீனப் பெருநாளா, தீபாவளியா, ஒருநாள் முன்னே பின்னே போனதில்லை.

வாசல் தோட்டத்தில் பல்பே இல்லை. தானாகப் பூக்கும்.

ஆகஸ்ட் 19

ரோஜாவைக் கேட்டோரத்திலிருந்து பிடுங்கிக் குழாயடியில் வைக்கச் சொன்னாள். வேர் பிடிக்கும் சமயம், செத்துவிடும் என்றேன். கேட்கவில்லை. வைத்தேன்.

ஆகஸ்ட் 28

ரோஜா இப்போது ஜன்னலுக்கு நேராக. மூன்றாவது இடம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு என்னதான் வேணும்?” என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். பின்னால் கொட்டகையில் வெட்டு நடக்கிறது, நான் இங்கே ஒரு ரோஜாவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். சீக்காளியிடம் என்ன கோபம் எனக்கு?

செப்டம்பர் 10

சோறு இறங்கவில்லை. கஞ்சிதான். மகள் சசிரேகா குவாந்தானில் லீவு போட்டு வந்துவிட்டாள், இனி இங்கேதான் இருப்பாளாம்.

செவ்வந்தி இடுப்பு உயரம். ஒரு மொட்டு இல்லை. உரம் அதிகமோ? மண்ணோ? சாம்பல் போட்டேன்.

செப்டம்பர் 17

காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். தூங்கினாயா என்று கேட்டேன்.

“வலி வந்தா தூக்கம் ஏதுங்க. ஆனா பரவால்ல. கொட்டக லைட்டு வாசல் வரைக்கும் விழுது. செடியெல்லாம் பகல் மாதிரி தெரியும். பாத்துக்கிட்டே கெடப்பேன்.”

கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

அடேய் மடையா. பின்னால் மேட்டிலிருக்கும் கொட்டகையின் பல்பு வெளிச்சம் வீட்டுப் பக்கவாட்டில் இறங்கி வாசலில் விழுகிறது. இத்தனை வருஷமாக அந்த வெளிச்சத்திலேயே இருந்து, அது வெளிச்சம் என்பதே எனக்கு மறந்துபோச்சு. ஊருக்கெல்லாம் தேதி பாத்துப் பூக்க வச்சவன், பொண்டாட்டி கேட்ட பூவுக்கு நானே லைட்டு போட்டுக் குடுத்திருக்கேன். உரமாம், மண்ணாம்.

இன்று அணைத்தாலும் பூ விரிய நவம்பர் பாதி ஆகிவிடும். தீபாவளி போய்விடும். அவள்?

மேட்டுக் கொட்டகையில் குட்டைச் செடி. இப்போது அணைத்தால் குட்டையாகவே மொட்டு வைக்கும், ஒருவனும் வாங்கமாட்டான். ரூபன், “பாஸ், டிசம்பர் கல்யாணத்துக்கு எடுத்த ஆர்டர் என்னா ஆவறது?” என்று கேட்டான். அணைடா என்றேன்.

செப்டம்பர் 18

வாசல் இருட்டு. நல்லது.

செப்டம்பர் 22

சசிரேகா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். “அப்பா, அம்மா ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டு ஜன்னலையே தடவிக்கிட்டு இருக்காங்க. இருட்டா இருக்கு, இருட்டா இருக்குன்னு சொல்றாங்க. அந்த லைட்ட போடுங்கப்பா.”

போட்டால் பூ வராது என்றேன். எனக்கு அந்தப் பூவை அவளுக்குக் காட்டியே ஆக வேண்டும். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

செப்டம்பர் 23

வரலட்சுமியே கேட்டாள். நான் பல்பு, இருட்டு, மொட்டு எல்லாம் விளக்கினேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, நவம்பரில் கண்ணைப் பறிக்கும் என்றேன்.

“பூவா நான் கேட்டேன்?” என்றாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிகிறது அவளால். “பூவ கல்யாணமான நாள்லேருந்து பாக்குறேன். உங்களத்தான் பாக்கல. வெடியறதுக்கு முன்னாடி கொட்டகைக்குப் போவீங்க, பொழுது சாய்ஞ்சு வருவீங்க. இந்தத் தோட்டத்தாலதான் என் கண்ணு முன்னாடி நின்னீங்க. ரோஜாவ எதுக்கு மாத்தி மாத்தி வெக்கச் சொன்னேன்னு நெனைக்கிறீங்க? ராத்திரி வலிக்கிறப்ப, இங்க நின்னாரு, அங்க குனிஞ்சாருன்னு அந்த எடத்தையெல்லாம் பாத்துக்கிட்டு கெடப்பேன். பூ வேணாங்க. லைட்ட போடுங்க.”

குழாயடிக்குப் போய் நின்றுகொண்டேன். சசிரேகா பார்த்திருப்பாள், பார்த்தால் பார்க்கட்டும். அழுதேன்.

இருட்டுவதற்கு முன்பே நானே போய் சுவிட்சைப் போட்டேன்.

செப்டம்பர் 24

தூங்கினாளாம்.

அக்டோபர் 6

கொட்டகை வேலையை ரூபன் பார்க்கிறான். நான் காலையிலிருந்து வாசலில். களை எடுக்கக் களையே இல்லை. கல் பாதையைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் வளைத்துப் போட்டேன். அவள் தட்டினால் நிமிர்ந்து பார்ப்பேன். சில நேரம் எதற்கென்றே இல்லாமல் தட்டுகிறாள்.

அக்டோபர் 20

தீபாவளி. விளக்கேற்றினோம். கந்தன் முறுக்குக் கொண்டுவந்தான். பச்சையாக நிற்கும் செவ்வந்தியைப் பார்த்துவிட்டு, “என்னா கனகு, உன் வீட்லயே பூக்கலியா?” என்று கேலி செய்தான். வரலட்சுமி உள்ளிருந்து, “நாந்தாண்ணே வேணாம்னுட்டேன்” என்றாள். அவளாகச் சேர்ந்தாற்போல் பேசியது இன்று அதுதான்.

அக்டோபர் 29

ரோஜாவைப் பழையபடி கேட்டோரத்திலேயே வைத்துவிடச் சொன்னாள். மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குச் செய்கிறேன் என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

அக்டோபர் 30

விடியற்காலையில் போய்விட்டாள். மழை.

நவம்பர் 2

எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். ஒன்று மட்டும் எழுதி வைக்க வேண்டும். அன்று அவள் மேல் கிடந்ததெல்லாம் என் கொட்டகைப் பூ. வெள்ளை, மஞ்சள். எல்லாம் லோரிக்கு வெட்டியவை, இறுக்கமாக மூடிய மொட்டு. விரிந்த பூ ஒன்று கிடைக்கவில்லை என் வீட்டில். நான் அப்படித்தான் வெட்டுவேன். அப்படித்தான் வாழ்ந்திருக்கேன்.

நவம்பர் 14

கருமாதி முடிந்தது. சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். ரூபன் வந்து நின்றான். “பாஸ், மேட்டுக் கொட்டக லைட்டு…” என்று இழுத்தான். இனி யாருக்கு அந்த வெளிச்சம்? அணைக்கச் சொன்னேன்.

டிசம்பர் 21

செவ்வந்தியில் மொட்டு. பச்சையாக, மிளகு அளவு. கொட்டகையில் பார்த்திருந்தால் ஏறெடுத்தும் பார்த்திருக்கமாட்டேன்.

ஜனவரி 17, 2026

துக்க வருஷம், வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. சசிரேகா நேற்று குவாந்தானுக்குத் திரும்பிவிட்டாள். என்னையும் கூப்பிட்டாள். பிறகு வருகிறேன் என்றேன்.

செவ்வந்தி முழுக்க விரிந்துவிட்டது. கல் பாதையே தெரியவில்லை, அப்படிச் சாய்ந்து கிடக்கிறது செம்மஞ்சளாக. சாலையில் போன இரண்டு டூரிஸ்ட் பிள்ளைகள் காரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். வெட்டு நிலை தாண்டிப்போன பூ எப்படி இருக்கும் என்று இந்த வயதில்தான் உட்கார்ந்து பார்க்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு ஆசையாக இல்லை.

ரோஜாவை இன்று இடம் மாற்றினேன். கேட்டோரம், அவள் கடைசியாகச் சொன்ன இடம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தவன், ஞாபகம் வந்து உள்ளே திரும்பிப் போனேன். சசிரேகா ஊருக்குக் கிளம்பும்போது முன் அறை ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தாள். அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தோட்டத்தில் இறங்கினேன்.