ஃபைலில் இல்லாத கோயம்புத்தூர் வரி

ஜிப் தைக்கக் கொடுப்பதற்காகப் போன வாரம் உங்கள் ஆபீஸ் பையை உதறினேன். உள்ளறையிலிருந்து ஒரு கார்பன் காப்பி விழுந்தது. நீல எழுத்து, உங்கள் கை. "என் கவனக்குறைவால் நேர்ந்த தடங்கலுக்கு வருந்துகிறேன்." கீழே முழுக் கையெழுத்து. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். "ஒண்ணும் எழுதிக் குடுக்கலைடீ, வாய்வார்த்தையோட போச்சு" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னீர்களே!

யாருடைய கவனக்குறைவு? நம்முடைய சனிக்கிழமைகள் உங்களுக்கு மறந்துபோயிற்றா?

சாப்பாடு ஆனதும் ஓரத்தில் துளை போட்ட நீளக் காகிதம் இரண்டைக் கூடத்தில் விரிப்பீர்கள். ஒன்று, ஆழ்வார்பேட்டை ஆபீஸில் ஓடிக்கொண்டிருக்கும் யூனிக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் மெஷின் அப்போது எந்த ஊர்க் கிளைக்கு எந்த வழியாகச் செய்தி அனுப்புகிறது என்ற பட்டியல். மற்றது, மெஷின் அணைந்து மறுபடி எழும்போது படித்துக்கொள்வதற்காக ஃபைலில் எழுதி வைத்திருக்கும் பட்டியல். நான் முதலாவதை வாசிப்பேன், நீங்கள் இரண்டாவதில் டிக் போடுவீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் மளிகைப் பொட்டலத்தைப் பிரித்துப் படித்துக் கற்றுக்கொண்டது. ஆனால் எண்ணில் என்னை ஏமாற்ற முடியாது.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்? எதுக்கு வாராவாரம்?" என்று முதலில் அலுத்துக்கொண்டேன்.

"ஸ்லோகத்தை மனப்பாடமா சொல்றேன்னு நடுவுல ஒரு வரியை முழுங்கறியே, அது உனக்குத் தெரியறதா?"

"நான் ஒண்ணும் முழுங்கறதில்லை."

"புஸ்தகத்தை எடுத்துண்டு வரட்டுமா?"

எடுத்து வந்தீர்கள். முழுங்கித்தான் இருந்தேன், எத்தனை வருஷமாகவோ. நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். அப்புறம் பொறுமையாகச் சொன்னீர்கள்: "ஓடற மெஷின்ல யார் வேணும்னாலும் கையால ஒரு வழியைச் சேர்த்துடலாம். வேலையும் செய்யும். கரண்ட் போச்சுன்னா அதுவும் போச்சு. எழுதி வெச்சதுதான் நிக்கும்."

திருப்பதிக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். அந்த மூன்று நாளில்தான் கோயம்புத்தூர்க் கிளைக்குப் புது லைன் வந்தது. உங்கள் மேலாளர் தானே உட்கார்ந்து, மெஷினில் அந்த வழியைத் தட்டிவிட்டு, "பார்த்தீங்களா, அவர் இல்லாமலே முடிச்சிட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாராம். ஃபைலில் எழுதவில்லை.

திரும்பி வந்த சனிக்கிழமை நான் வாசித்த ஒரு வரிக்கு உங்கள் பென்சில் நின்றது.

"இன்னொரு தரம் படி."

படித்தேன்.

"இங்கே இல்லையே!"

திங்கட்கிழமை போய்ச் சொன்னீர்கள். ஃபைலில் கை வைக்க அவர் கையெழுத்து வேண்டும். அவர் சொன்ன பதிலை அவர் குரலிலேயே வீட்டில் நடித்துக் காட்டினீர்கள்: "ஓடுதுல்ல? ஓடுற மெஷினை ஏன் சார் நோண்டுறீங்க?" அடுத்த சனியும் அதே வரி. அதற்கடுத்த சனியும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, ஏகாதசி, யாருக்கு ஜுரம் என்று எழுதும் என் நோட்டில், நீங்கள் அவரிடம் சொல்லிவிட்டு வந்த மூன்று திங்கட்கிழமையும் குறித்தேன்: "கோயம்புத்தூர் வரி ஃபைலில் இல்லை. இவர் மேலாளரிடம் சொல்லியாகிவிட்டது."

பிறகு ஒரு ஞாயிறு முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் மெஷின் எழுந்தது, கோயம்புத்தூர் எழவில்லை. அரை நாள் அந்தக் கிளையில் வேலையே நடக்கவில்லை. உங்களிடம் மத்தியானம்தான் சொன்னார்களாம்; நீங்கள் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் ஆனது. பழி உங்கள் தலையில். "ஃபைலைப் பராமரிக்க வேண்டியவர் அவர்தானே" என்றாராம் அந்த மனிதர், மேலிடத்தில், கண்ணை இமைக்காமல். மெஷினின் பாஸ்வேர்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் விரிக்கக் காகிதம் இல்லை. நீங்கள் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஏன்னா, நோட்டை எடுத்துண்டு ஆபீஸுக்கு நான் வரேன்" என்றேன். "வேண்டாம்டீ. கோயம்புத்தூர் ஓடறதோன்னோ, போறும்" என்றீர்கள். போதுமா? எழுதி வைத்ததுதான் நிற்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர், தன்னைப் பற்றிய பொய்யை எப்படித் தன் கையாலேயே எழுதி ஆபீஸ் ஃபைலில் போட்டீர்கள்? இன்றைக்கு நீங்கள் இல்லை. உங்களோடு வேலை செய்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். அந்த ஆபீஸில் உங்களைப் பற்றி மிச்சமிருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.

கார்பன் காப்பி கிடைத்த மறுநாளே நோட்டோடு ஆபீஸுக்குப் போனேன். வாசலில் காவல்காரர், "இன்னாம்மா, யாரைப் பாக்கணும்?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். "சாரா? தங்கமான மன்சன்மா. போங்க, மேல போங்க."

மேலாளர் நாற்காலி போடச் சொன்னார். காபி சொன்னார். நோட்டைப் பிரித்ததும் முகம் மாறிற்று.

"இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் மாமி, உங்களுக்குப் புரியாது."

"ஓடற பட்டியல்ல இருந்தது, எழுதின பட்டியல்ல இல்லை. இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? அந்த வரியைத் தட்டினது யாரு? அதை மட்டும் சொல்லுங்கோ."

பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரே மாமி" என்றார்.

அந்த மனிதரிடம் என்னை வாயடைத்து நிற்க வைத்தது நீங்கள்தான்.

ஆனாலும் வந்துவிடவில்லை. மூன்று தேதியையும் ஒரு தாளில் எழுதி, என் பெயரை முழுதாகப் போட்டேன். "இதையும் அந்தக் கடுதாசி இருக்கற ஃபைல்லயே வைக்கணும். வெச்சேன்னு சொன்னாப் போறாது, காட்டணும்" என்றேன். கிளார்க் ஃபைலைக் கொண்டுவந்து, உங்கள் கடிதத்துக்கு மேல் கோத்து, என் கண்முன்னே கயிறு கட்டினார். மேலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அதைப் பிரிக்கிறவர் என் தாளைப் படிப்பார், அடுத்து உங்களுடையதைப் படிப்பார். எதை நம்புவாரோ! உங்கள் கையெழுத்தை எடுக்க உங்களால் மட்டும்தான் முடியும்.

பாரத்தையெல்லாம் ஈஸ்வரனிடம் விட்டுவிடு என்கிறார்கள். நீங்கள் போனதையே விட்டுவிட்டேன், அவன் எடுத்துக்கொண்டது என்று. என்னிடம் மறைத்து அந்தக் கடிதத்தை எழுதினீர்கள் பாருங்கள், அதை மட்டும் விடமாட்டேன். அது உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறது.