சரிவுப் பாதையில் நிறைகுடம்

வேலணை,
வியாழக்கிழமை

அன்பு மகள் நிலாந்தினிக்கு,

நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நோர்வேக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க நயினை அம்பாளை வேண்டுகிறேன். நாங்கள் சுகம் என்று எழுதுகிற துணிவு எனக்கு நேற்றுப் பின்னேரம்தான் வந்தது. போனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்தில் இருப்பார், நான் என் பிழையை மழுப்பிவிடுவேன், அதனால்தான் கடிதம். இங்கே கடும் வெயில், கிணறு கொஞ்சம் உவர்க்கத் தொடங்கிவிட்டது, வெங்காயம் பரவாயில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ மூன்று நாள் தங்கி முகம் கறுத்து வந்தாயே, கடற்கரைப் பக்கத்து இளைஞர் பாசறை, அந்த வளவு கனகாலம் பற்றை பிடித்துக் கிடந்தது. சனசமூக நிலையத்தார் நாங்கள் அதைத் துப்புரவாக்கி, சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிற குடும்பங்கள் இருந்து சாப்பிடச் சுவரில்லாத ஒரு கொட்டகை போட்டிருக்கிறோம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குச் சரிவுப் பாதை, இரண்டு பக்கமும் கைபிடிக் கம்பி, நாற்காலியை உள்ளே விடக்கூடிய மேசை. அம்மாவை நினைத்து நான் கூட்டத்தில் சண்டை பிடித்துப் போடுவித்த சரிவுப் பாதை அது. நீரிழிவால் கால் எடுத்த இந்த இரண்டு வருடமும் கிளினிக்கைத் தவிர எங்கும் வரமாட்டேன் என்றிருந்தவர். "ஆரும் உம்மைத் தூக்கத் தேவையில்லை, நீரே ஏறலாம்" என்று ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லித்தான் திறப்புவிழாவுக்குச் சம்மதித்தார்.

ஞாயிறு காலை நிறைகுடம் வைக்கிற வேலை எனக்கு. படிக்கட்டு குறுகல், சரிவுப் பாதைதான் அகலம், வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அதன் மேல் முனையில் மேசை போட்டுக் குடத்தை வைத்து விளக்கும் ஏற்றிவிட்டு, முன்வீட்டு ரஜீபனின் ஓட்டோவில் அம்மாவைக் கூட்டிவரப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வழியை நானே அடைத்து வைத்திருக்கிறேன். ஏற்றிய விளக்கோடு நிறைகுடத்தை அசைக்க எனக்குக் கை போகவில்லை, சனமோ பார்த்துக்கொண்டு நிற்கிறது. "ஒரு கை பிடியுங்கோ" என்று நான்தான் சொன்னேன். நாலு பேராக நாற்காலியோடு தூக்கிப் படியால் ஏற்றினோம். சனம் கைதட்டியது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார், நான் அதை நாணம் என்று நினைத்தேன்.

வீடு வந்ததும் ஒன்றுதான் சொன்னார், "குடத்தை அரக்கி வைக்கப் பயந்தனீங்கள், என்னைத் தூக்கப் பயப்படேல்லை" என்று. அதற்குப் பிறகு என்னுடன் பேச்சே இல்லை. சாப்பாடு வரும், தேத்தண்ணி வரும், சொல் வராது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்க வாயும் வரவில்லை, கலியாணம் செய்த நாற்பத்தொரு வருடத்தில் அந்தப் பழக்கம் இல்லையே பிள்ளை.

நேற்றுப் பின்னேரம் அம்மாவே ரஜீபனுக்குப் போன் எடுத்து ஓட்டோவை வரச் சொன்னார். என்னைக் கூப்பிடவில்லை, நானாக ஏறிக்கொண்டேன். பாசறை வளவில் ஒருவரும் இல்லை. நாற்காலிச் சில்லைக் கையால் உருட்டிப் பாதித் தூரம் ஏறியவர் களைத்துப் பின்னுக்கு வழுக்கினார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "எடுங்கோ கையை" என்றார், எடுத்தேன். கம்பியை இறுக்கிப் பிடித்து மூச்சு வாங்கி, பிறகு இழுத்து இழுத்து ஏறினார். கால் எடுத்த அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றதைவிட அந்த ஐந்து நிமிடம் எனக்கு நீளமாக இருந்தது. மேலே போய் மேசையில் கையை ஊன்றிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகலாமா கூடாதா என்று தெரியாமல் வெயிலில் நின்றேன். "உதில ஏன் நிக்கிறியள், ஓட்டோவில இருக்கிற தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டு வாங்கோ" என்றார். போய், நான் செய்தது பிழை என்று சொன்னேன். "ஓம், பிழைதான்" என்றுவிட்டு எனக்குத் தேத்தண்ணி வார்த்துத் தந்தார்.

வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே. உங்கள் எல்லோருக்கும் அம்பாள் துணையிருப்பாள். ஆடியில் வரும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வா, அம்மம்மாவின் நாற்காலியில் கை வைக்க முன்னர் அவரைக் கேட்க வேண்டும். நானும் இப்போதுதான் கேட்கப் பழகுகிறேன்.

உன் அன்புள்ள அப்பா,
த. ஐயாத்துரை