கிளைசின் ஊற்றிய நேரம்

ஜனவரி 9

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. தலைவர் கதவைக்கூடத் தட்டாமல் என் அறைக்குள் வந்து சொன்னார். மனிதர் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். வெப்ப அறையில் வளர்ந்த கோழிகளின் ஈரல் செல்களில் டி.என்.ஏ. என்ற மரபு நூல் மடிந்திருக்கும் விதமே வேறு. உடம்பு வெயிலுக்குப் பழகுவது அந்த மடிப்பில் தெரிகிறது. இதுதான் எங்கள் கண்டுபிடிப்பு. முதல் பெயர் ஆய்வு மாணவி சிட்டுவுடையது, இரண்டாவது என் வீட்டுக்காரருடையது. கடைசிக்கு முன்னால் எங்கேயோ நான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். நோய்க்குப் பெயர் தெரிந்து, வேலையை விட்டு வந்த இந்த இரண்டு மாதத்தில் முகத்தில் இப்படி ஒரு தெளிச்சி இல்லை. "எழுத்து ஒண்ணுதான், மடிப்புதான் வேற. நான் அப்பவே சொன்னேனில்ல?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன விசேஷம், இவ்வளவு சந்தோஷமா இருக்க?" என்று கேட்டார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே சந்தோஷம். மறதியில் அது ஒன்றுதான் லாபம்.

ஜனவரி 13

மூல எண்களைப் பொதுவில் வைக்கச் சொல்லிப் பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். எப்போதும் அறை வாரியாக அடுக்குவேன். இன்று என்னவோ தேதி வாரியாக அடுக்கினேன்.

குளிர் அறைக் கோழிகள் ஆறு, எல்லாம் போன வருடத்துக்கு முந்தைய வருடம் மார்ச் மாதம். வெப்ப அறைக் கோழிகள் ஆறு, அதே வருடம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. மார்ச்சில் ஒரு குழாய் உடைந்ததால் ஒரே ஒரு குளிர் அறைக் கோழியை மட்டும் நவம்பரில் திரும்பச் செய்திருந்தார்கள். அதுவும் வெப்ப அறைக் கோழி மாதிரியே மடிந்திருக்கிறது.

ஒரு நாள்கூடச் சூடு படாத கோழி.

இதை ஏன் முன்பே பார்க்கவில்லை? சராசரி எடுத்தேன், ஆறில் ஒன்று அதில் அமுங்கிப்போயிற்று. இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு எனக்கு. வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 14

மரபு நூலில் வெட்டுப்படாமல் நின்ற துண்டுகளை எண்ணிப் பார்த்தேன். செப்டம்பரில் கொஞ்சம், அக்டோபரில் கூடுதல், நவம்பரில் ஏகத்துக்கும். அறையின் வெப்பம் அப்படி ஏறவே இல்லை, முதல் நாளிலிருந்து ஒரே அளவு. ஏறியது வேறு ஏதோ.

நறுக்கிய ஈரலை ஃபார்மால்டிஹைடில் போட்டால் மடிப்பு அப்படியே பிடித்து நிற்கும். சரியாகப் பத்து நிமிடம். உடனே கிளைசின் ஊற்றி நிறுத்திவிட வேண்டும். விட்டுவிட்டால் திசு விறைத்துக்கொண்டே போகும், வெட்டுகிற நொதி உள்ளே நுழையாது, மடிப்பின் வரைபடம் பொய் சொல்லும்.

பன்னிரண்டு கோழிக்கும் அதைச் செய்தது ஒரே ஆள். கைராசிக்காரர் என்று ஆய்வகம் முழுக்கப் பெயர்.

ஜனவரி 16

இவருடைய குறிப்பேட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். மார்ச்: 10.15 போட்டது, 10.25 நிறுத்தியது. ஆறு வரியும் அச்சடித்த மாதிரி. அக்டோபரில் போட்ட நேரம் மட்டும் இருக்கிறது. நவம்பர் 6, போட்ட நேரம் இரண்டு முறை எழுதியிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில்: "கிளைசின் ஊற்றினேனா?"

தெரிஞ்சிருக்கு. இவருக்குத் தெரிஞ்சிருக்கு! மருத்துவர் சொல்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே. நான் பக்கத்து அறையில கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அந்த மாதம்தான் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டார் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உங்க மனசு எங்க மேயுது?" என்று கத்தினேன். மனுஷன் எவ்வளவு பயந்திருப்பார் — என்னிடம்கூட வாய் திறக்காமல். நான் என்ன, சொல்கிற மாதிரியா இருந்தேன்? எப்போது பார்த்தாலும் சிடுசிடுப்பு.

ஜனவரி 17

நான் சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஜனவரி 20

தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய ஆள் வந்திருந்தார். இவர் சட்டைப்பையிலிருந்து ஏற்புக் கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்து, "ரொம்ப நல்லதுங்கய்யா" என்றார். காலையிலிருந்து மூன்றாவது ஆள். இவர் பெயர் அச்சில் வரப்போவது இதுதான் கடைசி. அதையும் நான் பிடுங்க வேண்டுமா?

ஆனால் வேறு யாரோ எங்கள் வரைபடத்தை நம்பி, வெயில் தாங்கும் சேவல் என்று எதையாவது பொறுக்கி வளர்ப்பார்கள். அவர்களுடைய கோழிகள் வெயிலில் சுருண்டு விழும். இவரே நல்ல நிலையில் இருந்திருந்தால் முதல் ஆளாகப் போய்ச் சொல்லியிருப்பார்.

ஜனவரி 21

சொல்லிவிட்டேன்.

தலைவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "கருவிக் கோளாறுன்னு எழுதிடலாம்மா. அவர் பேரு கெட வேண்டாம்." நல்ல மனசில்தான் சொன்னார். ஒரு கணம் தலையாட்டப் பார்த்தேன். கருவி என்ன பாவம் செய்தது? "குறித்த நேரத்தைவிட அதிகம் ஊறியது" என்று காரணம் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சிட்டு அழவில்லை. "மூணு வருஷம் மேடம்" என்று மட்டும் சொன்னாள். வாசல்வரை போனவள் திரும்பி, "சாருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரிஞ்சிருந்தது. இப்பத் தெரியாது."

பிப்ரவரி 2

துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கிழித்தேன். இவர் தேடவே இல்லை.

ஜூன் 18

புதுக் கோழிகள் தயார். இந்த முறை இரண்டு அறையையும் கலந்து, ஒன்று விட்டு ஒன்றாகச் செய்கிறார்கள். சிட்டு ஊற்ற, இன்னொருத்தி நேரத்தைச் சத்தமாகச் சொல்கிறாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அக்டோபர் 9

புது வரைபடங்கள் வந்துவிட்டன. பழைய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. ஒரே இடத்தில், சின்னதாக, வெப்ப அறைக் கோழிகளில் மடிப்பு மாறியிருக்கிறது. சிட்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கட்டுரையில் இவர் பெயர் வராது.

சாயங்காலம் வீட்டில் பழையதையும் புதியதையும் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. இரண்டு நாளாக என் பேர்கூட இவர் வாயில் வரவில்லை. பழைய படத்தில் விரலை வைத்தார்.

"இது ரொம்ப நேரம் ஊறியிருக்கு. நிறுத்த மறந்துட்டாங்க. யாரு செஞ்சது?"

குரலில் கோபம். ஆய்வகமே நடுங்கிய அந்தக் கோபம்.

"நான்தாங்க" என்றேன்.

விரலைத் திரையிலிருந்து எடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயந்துட்டியா? என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல. நான் என்ன திட்டவா போறேன்?"