முறிந்தது என் கால்தான்

அன்புள்ள லைன் லீடருக்கு,

இன்னும் ஆகவில்லை, அதற்குள் என்ன பட்டம் என்று முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள். நான் எழுதிப் பழகுகிறேன். இங்கே நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே இருந்து நலமாகிக்கொள்.

ஆமாம், பொய்தான் சொன்னேன். சுளுக்கு இல்லை, எலும்பு முறிவு. என் அக்கா உனக்குப் போன் போட்டு, ஒன்றுக்கு நாலாகச் சொல்லி அழுதிருக்கிறாள். இன்னொரு தடவை விழுந்தாலும் சுளுக்கு என்றுதான் சொல்வேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாய். இப்போது மட்டும் என்ன வாழ்ந்தது? வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். நம் ஃபேக்டரியிலிருந்து அங்கே சரக்கு ஏற்றி வரும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுசாகப் படி. பாதியில் எழுந்து போகாதே. பாதியில் எழுந்து போவதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

முதலில் கால் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கன்வேயருக்கு மேலே இருக்கும் சென்சாரை மாற்ற ஏறினேன். ஏணி வழுக்கியது. அடியில் ரப்பர் தேய்ந்த ஏணி. மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்ததும் நான்தான், விழுந்ததும் நான்தான். ஒரு எலும்பு, இரண்டு துண்டு, ஒரு தகடு, ஆறு திருகு. நம் ஃபேக்டரியில் செய்யும் பம்ப்பில் இதைவிட அதிக உதிரிப்பாகம் இருக்கிறது. திருகை எவ்வளவு இறுக்கினீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்து, "இவர் எப்பவும் இப்படித்தானா?" என்றார். கட்டு பிரித்த பிறகு ஏணி ஏறுவது பற்றியும் ஏதோ சொன்னார். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. மேனேஜர் பார்க்க வந்திருந்தார். பராமரிப்புப் பிரிவில் உட்கார்ந்தே செய்கிற மாதிரி வேலை இருக்கிறதா என்று விசாரிப்பதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். கால் விஷயம் இவ்வளவுதான்.

இனி உன் விஷயம். திங்கட்கிழமை உனக்குச் சோதனை வாரம் தொடங்குகிறது. ஒரு வாரம் முழுக்க ஒரு லைனை நீயே தனியாக நடத்திக் காட்ட வேண்டும். லீடர் பயிற்சிக்கென்று போய் நாலு மாதம் அந்த விடுதியில் கொசுக்கடி பட்டதெல்லாம் இந்த ஒரு வாரத்துக்காகத்தான். வியாழக்கிழமை ரயில் ஏறுகிறவளுக்குத் திங்கட்கிழமை கிடையாது. இதைக் கணக்குப் போட டிப்ளமோ படித்திருக்க வேண்டியதில்லை.

"பொறுப்பு எனக்கு எதுக்குங்க, உங்க கால்தான் எனக்கு முக்கியம்" என்று எழுதியிருக்கிறாய். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பழுது பார்க்கிறவன். மோட்டார் சத்தம் போடுகிறது என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் கோளாறு பேரிங்கில் இருக்கும். போன வாரம், எனக்குக் கால் முறிந்த செய்தி உனக்குத் தெரியாதபோதே, என்ன சொன்னாய்? காலைக் கூட்டத்தில் நீ பேச எழுந்ததும் பின்வரிசையில் இருக்கும் ஆண்கள் இருமுகிறார்கள் என்றாய். ஒருத்தன், "சமையல் குறிப்பா மேடம்?" என்றானாம். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்றாய். கோளாறு அங்கே இருக்கிறது. என் காலில் இல்லை. தயவு செய்து என் காலைச் சாக்காக வைக்காதே. கட்டுப் போட்ட காலால் உன் பயத்தையும் சேர்த்துச் சுமக்க முடியாது.

உடனே கோபம் வந்திருக்கும். வரட்டும். அந்தக் கோபத்தோடு திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நில். இருமுகிறவனிடம், "தண்ணி குடிச்சிட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை நிஜமாகவே காத்திரு. என்னிடம் எத்தனை தடவை அப்படிக் காத்திருந்திருக்கிறாய்! நான் கத்தி ஓய்ந்த பிறகு, "முடிஞ்சுதா? இப்ப நான் பேசலாமா?" என்று கேட்பாயே, அந்தக் குரல். அதை ஏன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனாய்?

உன் அப்பா வந்திருந்தார். ஆரஞ்சு வாங்கி வந்தார், பாதியை அவரே உரித்துச் சாப்பிட்டார். புருஷன் படுத்துக் கிடக்கிறபோது பெண்டாட்டி ஊரான் ஊரில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். அந்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எனக்கும் கட்டிலிலிருந்து எழுந்திருக்க ஆள் தேவைப்படுகிறது என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நாளைக்கு அவ உன் மேலயே அதிகாரம் பண்ணுவா, மாப்பிள்ளை" என்றார். லைன் நின்றால் லீடர் கூப்பிடுவார், பராமரிப்பு ஆள் ஓடவேண்டும். அது அதிகாரம் இல்லை, வேலை முறை. அவரிடம் இதைத்தான் சொன்னேன். பராமரிப்புப் பிரிவிலும் இதே பேச்சுதான். "வீட்லயும் அம்மணிதான், இங்கயும் அம்மணிதானா? உனக்கு லீவே கிடையாதா?" என்று கேட்கிறார்கள். உங்களுக்கு வீட்டில் மட்டும்தானே தலைவி, எனக்கு இரண்டு இடத்திலும் என்றேன். அதற்குப் பிறகு கேலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நேற்று மாலை உன் லைன் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்க்க வந்தார்கள். இருக்கிற இரண்டு நாற்காலியில் நாலு பேர், மீதிப் பேர் தரையில். வந்ததும், "அண்ணா, கால் எப்படி இருக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்கள். பிறகு முழுக்க உன் பேச்சுதான்.

நீ போன பிறகு லைனைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறானே, எப்போதும் விசிலடித்துக்கொண்டே நடப்பவன், அவன் செய்த காரியத்தைக் கேள். பம்ப்பில் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கிற இடத்தில், உன் பழைய இடத்தில், இப்போது குண்டூசி நிற்கிறாள். தெரியும்தானே, அந்த ஒல்லிப் பெண், வாய் மட்டும் கூர். ஒரு பம்ப்பில் குமிழ் வந்திருக்கிறது. விசில், "சின்னக் குமிழ்தானே, அனுப்பு" என்றிருக்கிறான். அடுத்ததிலும் வந்திருக்கிறது. அதையும் அனுப்பச் சொல்லியிருக்கிறான். மூன்றாவதில் அவள் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டாள். மணி, சிவப்பு விளக்கு, மொத்த லைனும் நின்றது.

யாரைக் கேட்டு இழுத்தாய் என்று விசில் குதித்திருக்கிறான். "இழுக்கத்தானே தொங்க விட்டிருக்கீங்க? துணி காயப்போடவா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் சாவியைப் போட்டு மறுபடி லைனை ஓடவிட்டான். அப்போதுதான் மற்றவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பம்ப்புகள் ஒன்றின் மேல் ஒன்று முட்டி, பெல்ட்டின் கடைசியில் போய்க் குவிந்தன. மேனேஜர் ஓடி வந்தார். பார்த்தால் அன்றைக்கு வந்த ரப்பர் வளையம் மொத்தமும் வெடிப்பு. விசிலின் விசில் அன்றோடு நின்றுவிட்டது என்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், அந்தக் கயிற்றை முதலில் இழுத்தவள் நீ. அதுவரைக்கும் இழுத்தால் திட்டு விழும் என்று எல்லாரும் அதை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. இப்போது நீ இல்லாமலே இழுக்கிறார்கள். நீ ஏற்கெனவே லீடர்தான், காகிதம்தான் இன்னும் வரவில்லை.

இன்னொன்று. முதலில் போனவள் தேறட்டும், அப்புறம்தான் அடுத்த ஆளை அனுப்புவது பற்றிப் பேச்சு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அடுத்து மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது குண்டூசி. நீ பாதியில் வந்தால் உன் பெயரைச் சொல்லியே அவள் மனுவை ஓரமாக வைப்பார்கள். பொம்பளைகளுக்குக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைத் திருத்தி எழுத எத்தனை வருடம் ஆகுமோ. புறப்படும்போது வாசலில் நின்று அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்காவை லீடரா வரச் சொல்லுங்கண்ணா. சும்மா வந்தா நாங்களே உள்ளே விட மாட்டோம்."

அக்கா அடுப்பங்கரையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும், "இதுங்களுக்கு என்ன, குடும்பமா குட்டியா" என்று தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன். உன்னைக்கூடத்தான் தையல் யூனிட்டில் சூப்பர்வைசராக வேறு ஊருக்கு அனுப்பினார்கள், அத்தானுக்கு மஞ்சள் காமாலை என்றதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தாயே, அவர் தேறி எழுந்து சீட்டாடப் போய்விட்டார், உனக்கு அந்த வேலை திரும்பக் கிடைத்ததா என்றேன். கையிலிருந்த தட்டைத் தொட்டியில் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். இன்றைக்கு மத்தியானம்வரை ஊமைப் படம்தான்.

மத்தியானம் வந்து, மூலையில் கிடந்த ஊன்றுகோலை எடுத்துக் கட்டிலில் போட்டாள். "எழுந்து நடடா. நீ இப்படிப் பிணம் மாதிரி கிடந்தா அவளுக்கு அங்க எப்படி மனசு நிக்கும்?" என்றாள். நாலு அடி நடந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வலிதான், வேறொன்றும் இல்லை. கையை விடாமல் கூடவே வந்தாள். ஜன்னல்வரை போய்த் திரும்பியதும், "அந்த டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லு. அவ முடிச்சிட்டு வர்ற வரைக்கும் நான் இங்கதான். உங்க அத்தானுக்குப் பசிச்சா சமைக்கக் கத்துக்கட்டும்" என்றாள். நான் சொன்னேன் என்று எழுதாதே என்றும் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இதற்கு மேல் யாரைக் காரணம் காட்டுவாய்? அப்பா ஆரஞ்சு சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா கட்சி மாறிவிட்டாள். கால் தானாக ஒட்டிக்கொள்ளும், அதற்கு நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. வீடு கொஞ்சம் சத்தமில்லாமல் இருக்கிறது. அது வீட்டின் கோளாறு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேலை முடிந்து நீ வருகிற நாளில் ஸ்டேஷனில் நிற்பேன். நொண்டிக்கொண்டாவது நிற்பேன். அதற்கு முன்னால் வந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கதவைத் திறக்க மாட்டேன். தட்டித் தட்டிக் கை ஓய்ந்தாலும் திறக்க மாட்டேன்.

உன்னிடம் ஒரு சாவி இருக்கிறது. தெரியும். அதனால்தான் இவ்வளவு கத்திவிட்டுக் கடைசியில் கெஞ்சிக் கேட்கிறேன்: அதை இப்போது வெளியே எடுக்காதே. நன்றாக இரு. ஜெயித்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் லைனில் மணி அடித்தால் முதலில் வர வேண்டிய ஆள்,
இனி கொஞ்சம் மெதுவாக வந்தாலும்.