எந்த ஊர்ப் பிள்ளை

கிபியோன்,
திராட்சை பறிக்கும் மாதம்

அன்புத் தம்பி யரிகுவுக்கு,

நீயும் மகள் நிக்காலும் நலமா? உன் மனைவி இறந்த பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

யோர்தானைக் கடந்து வந்த இஸ்ரவேலர் எரிகோவை அழித்தது தெரிந்திருக்கும். ஆயியும் எரிந்துவிட்டது. அந்தப் புகை எங்கள் மாடிக்குத் தெரிந்தது. அடுத்து நாங்கள்தான். எங்கள் ஏவியர் குலப் பெரியவர்கள் சண்டைக்குப் போகவில்லை. பிய்ந்த செருப்பும் பூசணம் பிடித்த ரொட்டியுமாய் அவர்கள் பாளையத்துக்குப் போய், அக்கம்பக்கத்து ஊர்களை அவர்கள் விட்டுவைப்பதில்லை என்பதால், தூர தேசத்தார் என்று சொல்லிச் சமாதானம் பேசிவிட்டார்கள். உன் அத்தானும் போயிருந்தார். பொய் வெளிப்பட்டது. ஆனாலும் எங்களைக் கொல்வதில்லை என்று கொடுத்த ஆணையை அவர்கள் மீறவில்லை. இனி அவர்களுக்கு விறகு வெட்ட வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும். உயிராவது மிஞ்சியது. பிள்ளையோடு இங்கே வந்துவிடு.

அக்கா தலாயா

யர்மூத்

அக்காவுக்கு,

சந்தையில் கிபியோன் என்றாலே துப்புகிறார்கள். "உங்க அக்கா தண்ணி தூக்கப் போயிட்டாளாமே" என்று கேட்டவனை அடித்துவிட்டேன். அவன் சொன்னது உண்மை, அதனால்தான் அடித்தேன்.

எருசலேம் ராஜா ஆள் அனுப்பியிருக்கிறார். எபிரோன், லாகீஸ், எக்லோன், எங்கள் ஊர் என்று எமோரிய ராஜாக்கள் எல்லோரும் சேர்ந்து, இஸ்ரவேலரோடு சமாதானம் செய்த உங்கள் மேல் வருகிறார்கள். நானும் வருகிறேன். வராதவன் வீட்டைக் கொளுத்துகிறார்கள். மதிலோரத்து வீட்டை விட்டு ஊருக்குள்ளே போய்விடு. என் வில் உன் பக்கம் திரும்பாது. மற்றவர்கள் வில்லுக்கு நான் என்ன செய்வேன்?

யரிகு

யர்மூத்

அக்கா,

நான் சாகவில்லை. கிபியோனை வளைத்திருந்த எங்கள் மேல் விடியற்காலையில் இஸ்ரவேலர் பாய்ந்தார்கள். பெத்தொரோன் சரிவில் ஓடும்போது வானத்திலிருந்து கல்மழை கொட்டியது. என்னோடு ஓடியவன் தலை உடைந்து விழுந்தான். நான் நிற்கவில்லை. ராஜாக்களைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். இப்போது ஊர் ஊராக எரித்துக்கொண்டு வருகிறார்கள்.

நிக்காலை உப்பு வணிகன் கழுதையில் அனுப்புகிறேன். உன் பிள்ளை என்று சொல்லிவிடு. நான் வர முடியாது. உங்களை எதிர்த்து வில்லெடுத்தவன் உன் வீட்டில் அகப்பட்டால் அந்த ஆணையும் நிற்காது. கஞ்சி ஆறினால்தான் குடிப்பாள். அதட்டாதே.

யரிகு

கிபியோன்,
முதல் மழை

தம்பி,

பிள்ளை வந்து சேர்ந்தாள். இதைக் கொண்டுபோக வணிகன் மறுக்கிறான். யர்மூத்தில் கொடுக்க ஆளே இல்லை என்கிறான். நான் நம்பவில்லை, எழுதுகிறேன்.

இன்று நாங்கள் இருவரும் பாளையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனோம். காவல்காரன் அவளை நிறுத்தி, எந்த ஊர் என்று கேட்டான். நான் குடத்தை இறக்குவதற்குள் அவளே, "கிபியோன்தான். இவங்கதான் எங்க அம்மா" என்றாள். தடுமாறவே இல்லை. உள்ளே விட்டான்.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் என் மேலாடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. வருத்தப்படுவாரு."

சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன்.

அக்கா