மூன்று மேசைகளில் ஒரே மாப்பிள்ளை

லா சப்பல், பாரிஸ்
12.11.2017

அன்பு மகள் மிருணாளினிக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டு சுகமாய் இருக்கிறேன், நீயும் அந்த ஷென்சென் நகரத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் எழும்பினவுடன் கேட்பது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, முழங்கால் பரவாயில்லை. நாகேஸ்வரி அக்கா ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கிற தன் சேலைக் கடையைப் பெரிதாக்கிவிட்டார், உன் கலியாணக் கூறை தன்னிடம்தான் எடுக்க வேண்டுமாம். நீ அனுப்பி, நான் நம் வீட்டு நடுச்சுவரில் மாட்டிய உன் சீன மாப்பிள்ளை வெய்யின் படத்தைப் பார்த்துவிட்டு, ஆள் நல்ல வடிவு, ஆனால் சிரிப்பு ஒரு மாதிரிக் கிடக்கு என்றார். எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் வெட்டிவிடுவாய்.

மூன்று கிழமையாக எனக்குத் துப்புரவு வேலை புது இடத்தில், லா கூர்னெவில் ஒரு சீனக் கொம்பனி, கீழே சாமான் அடுக்கி வைக்கிற கிட்டங்கி, மேலே மேசை வேலை செய்கிற கந்தோர். விடிய ஐந்தரைக்குப் போய் ஆட்கள் வருமுன் துடைத்து முடிக்க வேண்டும். அங்கே ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும், நின்றால் அணையும். போன செவ்வாய் ஒரு பெண்ணின் மேசையில் படச்சட்டத்தைத் துடைக்க எடுத்தால், உன் வெய் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அதே நீலக் கழுத்துப்பட்டி, இடது புருவத்தில் அதே தழும்பு. என் பிள்ளையை ஏமாற்றிவிட்டான், இவனுக்கு இங்கே ஒரு பெண்சாதி இருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த மேசைக்குப் போனேன், அங்கேயும் அவர். ஜன்னலோரத்து மேசையிலும் அவர். துணியும் கையுமாய் அப்படியே நின்றுவிட்டேன் போல, விளக்கு அணைந்துவிட்டது. இருட்டுக்குள் மூன்று பக்கமும் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணத்தோடு நின்ற அந்த நேரம் என் எதிரிக்கும் வரக்கூடாது.

ஜன்னலோரத்து மேசைக்காரி லின் அன்றைக்கு வெள்ளனவே வந்துவிட்டாள். யார் இது என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். சிரித்தாள். அந்தக் கொம்பனி விற்கிற படச்சட்டங்களுக்குள் மாதிரிக்கு வைத்து வருகிற கடதாசிப் படமாம், ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாதாம். இருபத்தேழு தாண்டியும் கலியாணம் இல்லை என்றால் மேலாளர் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவாராம், வியாபார விருந்துகளில் சரக்கு வாங்க வருகிற ஆம்பிளைகளுக்குப் பக்கத்தில் இருத்திக் குடிக்கச் சொல்வார்களாம். புருஷன் என்று சொல்லி இவர் படத்தை மேசையில் வைத்த பிறகு அந்தக் கரைச்சல் இல்லையாம். மூன்றும் ஒரே ஆள் என்பதை மேலாளர் இதுவரை கவனிக்கவில்லையாம். மூன்று பேரில் ஒருத்திக்கு ஆம்பிளையே விருப்பமில்லை, அவளுக்குத் துணை இன்னொரு பெண், அது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இதே படத்தை வைத்துச் சீனாவிலும் இவருக்கு ஊர் ஊராய்ப் பெண்சாதிமார் என்றாள்.

ரயிலில் வரும்போதுதான் ஒவ்வொன்றாய் விளங்கியது. அவருடைய நட்சத்திரம் என்ன என்று நான் நச்சரித்தபோது அனுஷம் என்றாய், அப்பாவின் நட்சத்திரமும் அதுதானே என்று பூரித்துப்போனேன். உனக்குத் தெரிந்த நட்சத்திரம் அது ஒன்றுதான். செத்த மனிசனின் நட்சத்திரத்தில், பிறக்காத ஒருவனுக்குப் பதினொரு வெள்ளி அர்ச்சனை செய்திருக்கிறேன். படத்தை இன்னும் கழற்றவில்லை, கை வைக்கப் போனால் வீட்டு ஆளைப் போல் பார்க்கிறான். பிறகு அந்தக் கை நினைவுக்கு வந்தது. நான்கு வருடமாக நீ கமராவில் கதைக்கும்போது ஓரத்தில் ஒரு கை வந்து தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போகும், யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை என்பாய். ஒருமுறை மட்டும் வாய்தவறி, வீட்டில் கூட இருக்கிற இஃபே என்றாய். அவள்தானே உன் துணை, மகள்?

எல்லாம் விளங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சனம் கதைக்கும், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் முந்தி, அப்பா செத்த பிறகு நான்கு வருடம் நான் தாலியைக் கழற்றாமல், அவர் லண்டனில் வேலை என்று சொல்லித்தான் உணவகத்தில் கோப்பை கழுவினேன், தனியாள் என்று தெரிந்தால் முதலாளியின் கை சும்மா இராது. ஆகவே கந்தோருக்கு நீ பொய் சொல், அது வயிற்றுப்பாடு. எனக்குச் சொன்னாயே, அதுதான் சுடுகிறது. கலியாணம் கலியாணம் என்று அந்த மேலாளர் செய்த வேலையை வீட்டில் நான் செய்திருக்கிறேன், இல்லாவிட்டால் நீ ஏன் அம்மாவுக்குப் பயப்படப்போகிறாய். இல்லாத ஒருவனை நடுவீட்டில் ஏற்றிவிட்டு, இருக்கிற பிள்ளையை நீயும் நானுமாய்ப் பேய் போல ஒளிந்து திரிய விட்டிருக்கிறோம். பாவம் அது.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குளிருக்குக் காலுறை போடுங்கள். கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். மறக்காமல் இதை அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. இது கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
இராசேஸ்வரி