வண்டிக் குறைத்தாள்

மார்ச் 3

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் பூச்சி எழுதுகிறேன். நீங்கள் வைத்த பெயர்தான். புத்தகம் எல்லாவற்றையும் நான் அரித்துத் தின்கிறேனாம். இது போனில் சொல்ல முடியாத செய்தி. நம் வீட்டில் ஓர் அறையில் தும்மினால் மறு அறையிலிருந்து அதட்டல் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

தாத்தாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகியும் டிப்போவுக்குக் கிளம்புகிறவர் மாதிரி ஐந்தரை மணிக்குச் சவரம் செய்வாரே, இப்போது ஒன்பது நாளாகச் செய்யவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று மணிக்கே விழித்துவிடுகிறார். வயிறு வலி, முதுகு வலி என்கிறார். சோற்றைத் தட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார்.

எனக்குப் பெரிய பயம் வேறு. ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்து, கீழே போகிற ஒவ்வொரு பேருந்தையும் திட்டுவாரே, "கிளட்ச்ச மிதிடா! மிதிச்சா காலு தேஞ்சிருமா?" என்று. இப்போது பேருந்து போனால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "எழுபத்திரண்டு வயசாச்சுடி. வயசானா அப்படித்தான்" என்றாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளிடம் அதற்கு மேல் என்ன பேச?

நூலகத்துக்குப் போனேன். கணினியில் முதலில் வந்த பக்கம் ஏதோ ஒரு பொடியைப் பற்றியது. நாற்பது நாளில் சோர்வு பறந்துவிடுமாம். நூலக அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். "யார் எழுதினது, எப்ப எழுதினது, கடைசில எதையாவது விக்கிறாங்களா? இந்த மூணையும் பாத்துட்டு அப்புறம் நம்பு" என்று சொல்லி, சுகாதார நிலையம் வெளியிட்ட சிறு நூல் ஒன்றைக் கொடுத்தார். முதுமையில் வரும் மனச்சோர்வைப் பற்றியது. நான்கு முறை படித்துவிட்டேன். வயதானவர்களுக்கு அது அழுகையாக வராமல் உடம்பு வலியாக, எரிச்சலாக, தூக்கமின்மையாக வரலாமாம். அது முதுமையின் இயல்பு இல்லையாம், நோயாம். குணப்படுத்தலாமாம்!

சித்தி, வெளிநாட்டில் இருந்தாலும் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா கேட்பாள். சொல்வீர்களா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
பூச்சி

மார்ச் 14

அன்புக் கண்ணு பூச்சிக்கு,

நான் இங்கு நலம். தையல் கூடத்தில் சீருடை ஆர்டர் நிறைய வந்திருக்கிறது, தலை நிமிர நேரமில்லை.

அப்பா என்றைக்குமே அதிகம் பேசாத மனிதர். இந்த வயதில் அவருக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிடாதே. அக்கம்பக்கத்தில் தெரிந்தால் அவர் வெளியே தலைகாட்ட மாட்டார். நீ உன் பரீட்சையைப் பார்.

ஒன்பது நாள் சவரம் இல்லை என்ற வரியை மட்டும் மூன்று முறை படித்தேன்.

அன்புடன்,
சித்தி

மார்ச் 25

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு அழுகை வந்தது, மறைப்பானேன். ஆனால் நான் விடவில்லை. அம்மா வெங்காயம் உரிக்கும்போது எதிரே உட்கார்ந்து அந்தச் சிறு நூலின் ஆறாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். பாதியில் கத்தியை வைத்துவிட்டு, "இத உங்க தாத்தாவப் பாத்தா எழுதினாங்க?" என்று கேட்டாள். வெங்காயத்தால் வந்த கண்ணீர் இல்லை அது.

வயிற்று வலிக்கு என்று சொல்லிச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். வயிற்று வலியும் உண்மைதானே. நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார், அறுபது தாண்டியவர்கள் எல்லோரும் நிரப்ப வேண்டுமாம், பதினைந்து கேள்விகள். பிடித்த வேலைகளை விட்டுவிட்டீர்களா, வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா என்றெல்லாம். தாத்தா இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒவ்வொரு வரியிலும் "எல்லாம் சரி". கீழே அழகான கையெழுத்து.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கும் வயிற்று மாத்திரைக்கும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"ஏன் தாத்தா பொய் எழுதுனீங்க?" என்றேன்.

"பொய்யா? ஃபாரம்னா அப்படித்தான் எழுதணும்" என்றார். குற்ற உணர்வே இல்லாத முகம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இனி எந்தப் புத்தகத்தைப் பார்ப்பது?

பூச்சி

ஏப்ரல் 4

என் கண்ணு,

அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது டிப்போவில் பார்த்திருக்கிறேன். வண்டி எடுக்குமுன் ஒவ்வொரு டிரைவரும் குறைத்தாள் என்று ஒன்றை நிரப்ப வேண்டும். சீட் ஆடுகிறது, வைப்பர் ஓடவில்லை என்று ஒரு குறை எழுதிவிட்டால் போதும், வண்டியைப் பட்டறையில் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு டிரைவருக்கும் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. முப்பத்தைந்து வருடம் அப்பா "எல்லாம் சரி" என்றே எழுதினார். அந்தத் தாளில்தான் நானும் உன் அம்மாவும் வளர்ந்தோம். தாளைப் பார்த்தால் அவர் கை தானாக அதைத்தான் எழுதும்.

இன்னொன்று. போன முறை உன்னை அதட்டினேன், மன்னித்துவிடு. மூன்று வருடம் முன்பு எனக்கும் அப்படி இருந்தது. ஐந்து மாதம். தையல் மெஷின் முன்னால் உட்காரவே மனம் வராது. இங்கே மனநல ஆலோசகர் ஓர் அம்மாவிடம் வாராவாரம் போய்ப் பேசித்தான் மீண்டேன். அந்த ஐந்து மாதமும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பார். எல்லாம் "நான் இங்கு நலம்" என்றுதான் தொடங்கும்.

இது நமக்குள் இருக்கட்டும். அப்பாவைப் பற்றி மட்டும் உன் அம்மாவிடம் போனில் பேசிவிட்டேன். அப்பாவை விடாதே.

சித்தி

ஏப்ரல் 16

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் ரகசியம் என்னிடம் பத்திரம். உங்கள் கடிதம் சாவி மாதிரி வந்தது!

அந்தப் பதினைந்து கேள்விகளையும் வேறு மாதிரி எழுதினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே "வண்டிக் குறைத்தாள். மாடல்: எழுபத்திரண்டு வருடம்" என்று தலைப்பு. அதிகாலையில் தானாக ஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? ஹாரன் காரணமில்லாமல் அலறுகிறதா? பயணிகள் ஏறியும் வண்டி காலியாக இருப்பதுபோல் இருக்கிறதா? கடைசிக் கேள்வியை எழுத எனக்கே கை ஓடவில்லை: வண்டியை ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்று தோன்றியதுண்டா?

தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "குறை எழுதுனா வண்டிய நிறுத்திருவாங்களே."

"இந்தப் பட்டறைல நிறுத்த மாட்டாங்க தாத்தா. சரி பண்ணி அனுப்பிருவாங்க."

கீழே நான்கு பேருந்துகள் போயின. பிறகு பேனாவைக் கேட்டார். அரை மணி நேரம் எழுதினார். "எல்லாம் சரி" ஒரு வரியில்கூட இல்லை. கடைசிக் கேள்விக்கு, "சில நாள்."

ஒருவர் இப்படிச் சொன்னால் அன்றே டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று நூலில் இருந்தது. உடனே அம்மாவிடம் காட்டினேன். அம்மா விடுப்புச் சொல்லிவிட்டு, அன்று மதியமே அழைத்துப் போனாள். டாக்டர் தாளை முழுக்கப் படித்தார். தாத்தாவைத் தனியாக உட்காரவைத்து நேராகவே கேட்டாராம். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்த தாத்தா, "நல்ல மெக்கானிக்" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வேலை செய்யச் சில வாரம் ஆகுமாம். புதன்தோறும் ஆலோசகரிடம் பேச வேண்டும். எந்த நேரமும் கூப்பிடக்கூடிய எண் ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. வீட்டில் அவரை நாங்கள் தனியே விடுவதில்லை.

பூச்சி

ஜூன் 8

அன்புள்ள சித்திக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்!

நூலகத்தின் மாடியில் வியாழன்தோறும் தாத்தாவைப் போன்ற பதினோரு பேர் கூடிப் பேசுகிறார்கள். நூலக அக்காதான் சொன்னார். முதல் வாரம் தாத்தா வாசலோடு திரும்பிவிட்டார். இரண்டாம் வாரம் உட்கார்ந்தார், பேசவில்லை. நேற்று முன்தினம் நான்காம் வாரம். பேருந்தில் நான் துணைக்குப் போனேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. தாத்தா எழுந்து நின்று, "தம்பி! கிளட்ச்ச மிதிப்பா!" என்றார்.

"நீங்க வந்து ஓட்டுறீங்களா பெரியவரே?"

"லைசென்ஸ் முடிஞ்சிருச்சு. இல்லாட்டி நீ இப்ப பின் சீட்ல இருப்ப."

பேருந்தே சிரித்தது சித்தி. நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பரீட்சையில் முதலிடம் வந்தபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை. சவரமும் செய்கிறார், ஐந்தரைக்கு இல்லை, ஏழு மணிக்கு, நன்றாகத் தூங்கி எழுந்து. எல்லா நாளும் நல்ல நாள் இல்லைதான். மோசமான நாளில், "இன்னிக்கு வண்டி இழுக்குது" என்று அவரே வாய்விட்டுச் சொல்கிறார்.

அந்தக் குழுவுக்காக என் குறைத்தாளைத் தாத்தா திருத்தி நகல் எடுத்திருக்கிறார். ஒன்றை உங்களுக்கு அனுப்பச் சொன்னார். "உங்க சித்தி ஒரு லெட்டர் விடாம 'நலம்'னே எழுதுறா. யாரு பொண்ணு? என் பொண்ணாச்சே" என்றார். சத்தியமாக நான் ஒன்றும் சொல்லவில்லை!

பூச்சி

ஜூன் 19

பட்டறை மேலாளர் அப்பாவுக்கு, பூச்சி வழியாக,

அதிகாலையில் தானாக ஸ்டார்ட் ஆகிறதா: முன்பு. இப்போது இல்லை.

காலியாக இருப்பதுபோல் இருக்கிறதா: ஞாயிற்றுக்கிழமைகளில்.

ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்று: இல்லை அப்பா. இது "எல்லாம் சரி" கணக்கில் எழுதியது இல்லை, நிஜமாகவே இல்லை.

வேறு குறைகள்: மூன்று வருடம் முன்பு பெரிய பழுது ஒன்று வந்தது. வீட்டுக்குச் சொல்லாமலே சரிசெய்துகொண்டேன். சொல்லியிருக்கலாம்.

வண்டி ஓடுகிறது. ஜூலை பத்தாம் தேதி காலை எட்டு மணி விமானத்தில் வந்து சேரும். அழைத்துப்போக நீங்கள் வர வேண்டும். அன்றைக்கு மட்டும் சவரம் ஐந்தரைக்கு.

உங்கள் சின்ன மகள்